சித்திரக் கூடத்தில் ஒரு மணி நேரம்

பாடசாலைப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவுக்கென்று ஒரு வழமை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு முழுவதும் பயணஞ் செய்து, விடியற்காலையிற் கொழும்பை அடைந்து, மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, காலிமுகத்திடல் என ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்து, அன்றிரவே பஸ் ஏறுவதுதான் அவ்வழமை. இவற்றினிடையே சித்திரக் கூடமொன்றும் நிரலிற் சேர்க்கப்படுமாயின் அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுவது என்பதையே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

பெரும்பாலும் நடப்பது யாது? பிள்ளைகள் வரிசையாக உள்ளே செல்கின்றனர். "தொடாதே, கதையாதே, தள்ளாதே" என்ற கட்டளைகள் முன்னே செல்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் கொப்பியும் பென்சிலும். சித்திரத்தின் கீழே ஒட்டப்பட்டுள்ள சிறு அட்டையிலுள்ள பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்வதிலேயே அவர்தம் கண்கள் பதிந்திருக்கின்றன. நாற்பது சித்திரங்களை இருபது நிமிடத்திற் கடந்து வெளியே வந்த பின்னர், "எந்தப் படத்திலே நீல நிறம் கூடுதலாக இருந்தது?" என்று கேட்டால் விடை சொல்ல ஒருவருமில்லை. கொப்பி நிறைந்துவிட்டது, கண் வெறுமையாகவே திரும்புகிறது. இது பிள்ளைகளின் குற்றமன்று. எழுதிக்கொள்வதுதான் கற்பது என்று நாமே அவர்களைப் பழக்கிவிட்டோம்.

கலைப்பொருள்களை மக்கள் முன் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர் எமது நாட்டவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த அவர், 1917ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றி, 1947ஆம் ஆண்டிலே அந்நாட்டிலேயே மறைந்தார். கொழும்பிலே தேசிய சித்திரக் கூடம் அமைந்துள்ள வீதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நூதனசாலைகளிலுள்ள பழம்பொருள்கள் காட்சிக்காகச் செய்யப்பட்டவையல்ல. வழிபாட்டுக்கும் வாழ்க்கைக்கும் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. ஆகவே அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதைப் பார்ப்போர் உணரச் செய்தலே காட்சியின் பயன் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலே, பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் வெண்கலத் திருவுருவம் உண்டு. கோயிலிலே நடராசரைக் காணும் பிள்ளை, பட்டுக்கும் மாலைக்கும் இடையே திருமுகத்தை மாத்திரமே காண்கிறது. இங்கோ தூக்கிய திருவடியின் வளைவும், இடையின் நெளிவும், காலடியிற் கிடக்கும் முயலகனும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் தீபமில்லை, மணியோசையில்லை, கைகூப்பி நிற்பாருமில்லை. "கோயிலிலே காணாத எதனை இங்கே காண்கிறாய்? கோயிலில் இருக்கும் எது இங்கே இல்லை?" என்ற இரண்டு வினாக்கள் போதும். பிள்ளை உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் பார்வையோடு சித்திரக் கூடத்துக்குள் நுழைவது நன்று.

தற்காலச் சித்திரங்களைக் காட்ட விரும்பும் ஆசிரியர், கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் மன்றத்தை நினைத்துப் பார்க்கலாம். இலண்டனிலும் பாரிசிலும் ஓவியம் பயின்று, சாந்திநிகேதனத்திலும் சில காலம் இருந்து திரும்பிய ஹரி பீரிஸ் என்னும் ஓவியர் வாழ்ந்த இல்லம் அது. 1943ஆம் ஆண்டிலே லயனல் வென்ற் முன்னின்று கூட்டிய "43 குழு"வைச் சேர்ந்த ஓவியர்களின் படைப்புகள் அங்கே உள்ளன. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுஸ்ரீ முதலியோர் அக்குழுவினர். மேனாட்டு ஓவியத்தை அப்படியே பின்பற்றிய அக்காலப் போக்கை விட்டு விலகி, இந்நாட்டின் மனிதரையும் நிலத்தையும் தத்தம் வழியிலே தீட்ட முற்பட்டவர்கள் அவர்கள்.

கீற்றின் பெண்ணுருவம் ஒன்றின் முன் நிற்கும் பிள்ளை, "முகம் பிழையாகக் கீறியிருக்கிறதே, சேர்!" என்று சொல்லக்கூடும். அந்த வேளையே அச்சுற்றுலாவின் உயிர்நிலை எனலாம். "இது நவீன ஓவியம், உனக்கு விளங்காது" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் கதவு மூடப்பட்டுவிடும். "எங்கே பிழை? காட்டு பார்ப்போம்" என்று கேட்டாலோ, பிள்ளை மீண்டும் பார்க்கிறது. ஒரே முகத்தில் நேர்த்தோற்றமும் பக்கத்தோற்றமும் இணைந்திருப்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. ஐரோப்பாவின் கியூபிச ஓவியரிடமிருந்து கீற் கற்றுக்கொண்ட முறை அது. ஆயினும் அந்த அகன்ற விழிகளும் வளைந்த கோடுகளும் எமக்கு அந்நியமானவை அல்ல. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவரும் கீற்றே. கண்ணனையும் இராதையையும் கதைகளில் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு அச்சித்திரங்களுள் நுழைய ஒரு வாயில் முன்னரே திறந்திருக்கிறது. நேரமிருந்தால் பொரளையிலுள்ள கோதமி விகாரைக்கும் செல்லலாம். புத்தர்பிரானின் வரலாற்றைக் கீற் அங்கே சுவர்களிலே தீட்டியுள்ளார். அடியார் வழிபடும் இடத்திலே சித்திரம் எவ்வாறு வாழ்கிறது என்பதை அங்கே காணலாம்.

பார்ப்பதும் ஓர் உழைப்பே என்பதற்கு மஞ்சுஸ்ரீ நல்லதோர் எடுத்துக்காட்டு. பௌத்த துறவியாக இருந்து ஓவியரான அவர், பழைய விகாரைகளின் சுவரோவியங்களைத் தேடிச் சென்று பல்லாண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தார். அந்த உழைப்பின் பயனாக விளைந்த நூல் 1977ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

ஆகவே ஆசிரியர்களுக்கு எமது வேண்டுகோள் இதுதான். நாற்பது சித்திரங்களை விட்டுவிடுங்கள்; மூன்று போதும். முதற் பத்து நிமிடம் கொப்பிகள் மூடியிருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த, அல்லது பிடிக்காத, ஒரு சித்திரத்தைத் தானே தெரிந்து, ஐந்து நிமிடம் அதன் முன் நிற்கட்டும். பின்னர் திரும்பி நின்று, கண்டதைத் தன் தோழனுக்குச் சொல்லட்டும். இருவருமாகத் திரும்பிப் பார்த்து, விட்டுப்போனதைத் தேடட்டும். "இதன் கருத்து என்ன?" என்று கேளாமல், "நீ என்ன காண்கிறாய்? எதனைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அட்டையிலுள்ள பெயரும் ஆண்டும் ஈற்றில் எழுதப்படட்டும். அப்பொழுது அவை மனத்திலும் நிற்கும்.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எமது கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாடசாலைக் காலம் முழுவதிலும் இப்படியொரு மணி நேரம் ஒரே முறைதான் வாய்க்கிறது. "இது படித்த பெரியவர்களுக்கு உரியது, எங்களுக்கன்று" என்ற எண்ணத்தோடு அப்பிள்ளை வெளியேறுமாயின், பிற்காலத்திலும் அவ்வாயிலை மிதிப்பது அரிது. தன் கண்ணால் ஒன்றைக் கண்டு, தன் வாயால் அதனைச் சொன்ன பிள்ளையோ, தன் கண்ணை நம்பக் கற்றுக்கொள்கிறது. பரீட்சையிலே சித்திரப் பாடத்தை எடுக்காத பிள்ளைக்கும் இது வேண்டிய கல்வியன்றோ?

கொழும்புக்குச் செல்ல வாய்ப்பில்லாதோரும் மனந்தளர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலேயே ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை 1938ஆம் ஆண்டிலே சித்திரக் கழகம் நிறுவியதும், ஓவியர் அ. மாற்கு விடுமுறை நாட்களிலே மாணவரைக் கூட்டி ஓவியம் பயிற்றியதும் எமது மண்ணின் வரலாறு. கோயில் வாகனங்களும், தேரின் மரச் சிற்பங்களும், மண்டபத்து விதானச் சித்திரங்களும் ஊர்தோறும் உள்ளன. ஐந்து நிமிடம் நின்று பார்க்கும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை இடம் பார்த்தாய்?" என்று கேளாதீர்கள். "எந்தப் படத்துக்கு முன்னாலே கனநேரம் நின்றாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காமற் கேட்டுக்கொண்டிருங்கள்.