பார்வைகள் எத்தனை, விற்பனை எத்தனை?

அச்சன்புதூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். யூடியூபில் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் போட்டுவிட்டு, “தம்பி, இத்தனை கோடி பார்வைன்னா அத்தனை கோடி கேசட் வித்த மாதிரியா?” என்று கேட்டார்.

இல்லை. 2006-ல் மலேசியாவின் யோகி பி அன்ட் நட்சத்ரா குழு ‘வல்லவன்’ ஹிப்-ஹாப் ஆல்பத்தை வெளியிட்டபோது கணக்கு எளிது. ஒரு சிடி விற்றால் ஒன்று. வாங்கியவர் நூறு தடவை கேட்டாலும் ஒன்றுதான். பாட்டை வாங்காமல் இன்டர்நெட் வழியாக அப்படியே கேட்பது ஸ்ட்ரீமிங். இதில் ஒவ்வொரு தடவை கேட்பதும் தனியாக எண்ணப்படுகிறது.

அதனால் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியல் 2014 டிசம்பரில் ஒரு கணக்கு வைத்தது: ஓர் ஆல்பத்தின் பாடல்களை ஆடியோ ஸ்ட்ரீமிங்கில் 1,500 தடவை கேட்டால், ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். 2016-ல் சான்ஸ் த ராப்பரின் ‘கலரிங் புக்’ ஹிப்-ஹாப் ஆல்பம் கடைக்கே வராமல் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வந்தது. முதல் வாரத்தில் 5.73 கோடி தடவை கேட்கப்பட்டது. கால்குலேட்டரில் 1,500-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 38,000 ஆல்பம்தான்! அதற்கே 8-ஆம் இடம். 2017-ல் கிராமி விருதும் கிடைத்தது.

2018-ல் பில்போர்டு மறுபடி மாற்றியது. அப்போது வைத்த கணக்கு, சந்தா கட்டிக் கேட்டால் 1,250 தடவை, விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்டால் 3,750 தடவை என்று இருந்தது.

எண்ணிக்கை வேறு, வருமானம் வேறு என்பதையும் மறக்காதீர்கள். 2021-ல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் சொன்னார். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, “கேசட்டுக்காவது கையில காசு கொடுத்தோம்” என்றார்.