தேன்சிட்டும் ஓசனிச்சிட்டும்: பெயரும் பொருளும்

ஸ்ரீ கெம்பாங்கான் குடியிருப்புகளில் காலைவேளையில் செம்பருத்திச் செடியருகே நின்றால், கட்டைவிரல் அளவே உடல்கொண்ட ஒரு பறவை வளைந்த அலகால் பூவைத் துழாவுவதைக் காணலாம். பிள்ளைகள் அதனை ‘ஹம்மிங் பறவை’ என்கின்றனர். கட்டுரைகளிலும் அவ்வாறே எழுதுகின்றனர். பிழை பெயரோடு நிற்பதில்லை. பறவையின் நாடும் குலமும் அதனால் மாறிவிடுகின்றன. ஆகவே இரண்டையும் பிரித்தறிவோம்.

ஓசனிச்சிட்டு எனத் தமிழில் வழங்கும் அப்பறவைக் குலம் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றைச் சார்ந்த தீவுகளுக்கும் மட்டுமே உரியது. அதில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கரிபியக் கடலின் கியூபாவில் வாழும் தேனீ ஓசனிச்சிட்டே உலகின் மிகச் சிறிய பறவை. நீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு, எடை ஏறத்தாழ 2 கிராம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் தணலெனச் சிவந்து ஒளிரும். காடுகளிலும் காட்டோரங்களிலும் வாழும் இப்பறவை, காற்றில் ஓரிடத்தில் நின்றவாறே தேனருந்தும்.

நம் முற்றத்துப் பறவையோ தேன்சிட்டு. மலாய்மொழியில் ‘கெலிச்சாப்’ என்பர். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளில் இதன் குலம் பரவியுள்ளது. இங்கு மிகுதியாகக் காணப்படுவது ஆலிவ்முதுகுத் தேன்சிட்டு. நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். முதுகு மங்கிய பச்சை, வயிறு மஞ்சள். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் கருநீலமாய் மின்னும். நிழலில் அவையே கறுப்பாய்த் தோன்றும். பெண்ணுக்குத் தொண்டையும் மஞ்சளே. தென்சீனம் முதல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை வரை ஒரே இனமாக எண்ணப்பட்ட இதனை அறிஞர் அண்மையில் பல இனங்களாகப் பிரித்துள்ளனர்.

இரு குலங்களும் உறவினவல்ல. ஓசனிச்சிட்டு உழவாரக் குருவிக்கு நெருங்கியது; தேன்சிட்டு பாடும் பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது. பூவின் ஆழத்திலுள்ள தேனை எடுக்கும் ஒரே தொழிலே இரண்டுக்கும் நீண்ட அலகையும் நாவையும் அமைத்தது. வேறு வேறு கால்வழியில் வந்த உயிர்கள் இவ்வாறு ஒத்த வடிவம் பெறுவதைக் குவிபரிணாமம் என்பர். எனினும் வேறுபாட்டை அறிவது எளிது: தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே தேனருந்தும், காற்றில் சிறிது நேரமே நிற்கும். செம்பருத்தி போன்ற பெரும்பூவாயின், அதன் அடியைத் துளைத்தும் தேனெடுக்கும்.

கடலோரப் புதர்களும் அலையாத்திக் காடுகளும் இதன் பழைய வாழிடங்கள். கிள்ளான் கரையோரச் சதுப்புக் காடுகளில் அத்தகைய சூழலை இன்றும் காணலாம். மனிதர் தோட்டம் அமைத்த இடமெல்லாம் இச்சிட்டும் உடன்வந்தது. ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் இருந்த நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னரும், வாழையும் வெட்சியும் செம்பருத்தியும் உள்ள முற்றம் அதற்குப் போதுமானதாயிற்று.

பெண்சிட்டு நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கும் பையெனக் கூடு கட்டும். பக்கவாயிலின்மேல் சிறு கூரையும் அமைக்கும். வழக்கமாக முட்டை இரண்டு. குஞ்சுகளுக்கு ஆணும் பெண்ணும் பூச்சிகளையும் சிலந்திகளையும் கொண்டுவந்து ஊட்டும். செடிகளுக்கு நச்சு மருந்து தெளித்தால் அக்குஞ்சுகளின் உணவே அழியும். கிளையை வெட்டுமுன் கூடுண்டா எனப் பார்ப்பதும் நம் கடன்.

அயல்நாட்டுப் பறவையின் பெயரை நம் பறவைக்கு இடுங்கால், கண்முன் உள்ளதைக் காணாமலே கடந்துவிடுகிறோம். ஆசிரியர்கள் மாணவரைப் பள்ளித் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று தொண்டையின் நிறத்தையும் அமரும் முறையையும் குறித்துவரச் செய்யலாம். கண்டு எழுதிய மாணவன் பின்னர்ப் பெயரில் பிழைபடான். தேன்சிட்டு என்னும் சொல் நம் மொழியில் முன்னரே உண்டு. அதனை உரிய பறவைக்கு உரியதாக வழங்குவோம்.