நாளே வடிவமாக: ஜேம்ஸ் கொச்சால்காவின் நாட்குறிப்புப் படக்கதை

ஆய்வுச் சுருக்கம்

இணையப் படக்கதையின் கிளை வகைகளுள் ஒன்று நாட்குறிப்புப் படக்கதை. படைப்பாளர் தம் அன்றாட வாழ்வையும் மனத்தில் தோன்றி மறையும் எண்ணங்களையும் நாள்தோறும் சில கட்டங்களில் வரைந்து வெளியிடுவது இதன் இயல்பு. அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஜேம்ஸ் கொச்சால்காவின் ‘அமெரிக்கன் எல்ஃப்’ தொடரை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இவ்வகையில் ‘நாள்’ என்னும் கால அளவே இலக்கிய வடிவமாகச் செயற்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது. பிரெஞ்சுக் கலைஞர் லூயி த்ரோந்தேமின் படைப்பு ஒப்பீட்டிற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையப் படக்கதை, நாட்குறிப்பு, தன்வரலாறு, அன்றாடம், முகமூடி, மெய்ப்பாடு.

முன்னுரை

குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் நிகழாத நாள் இலக்கியத்திற்குப் பொருளாகுமா என்னும் வினா எழுத்திலக்கியத்திற்குப் புதியதன்று. ஆயினும் அவ்வினாவை ஒரே கலைஞர் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்துப் பார்த்த நிகழ்வு அரிது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கொச்சால்கா (பிறப்பு 1967) 1998 அக்டோபர் 26 அன்று தம் நாளைப் படக்கதையாக வரையத் தொடங்கினார். 2012 டிசம்பர் 31 அன்று அத்தொடரை நிறைவு செய்தார். இடைப்பட்ட காலம் ஐந்தாயிரம் நாட்களுக்கும் மேற்பட்டது. 2002 முதல் இத்தொடர் இணையத்தில் வெளிவந்தது; 1998 முதல் 2003 வரையிலான பகுதி 2004இல் ஒரே பெருநூலாகத் தொகுக்கப்பட்டது. வெர்மான்ட் மாநிலம் 2011இல் அவரைத் தன் முதல் ‘படக்கதை அரசவைக் கலைஞராக’ அறிவித்தது. அரசவைக் கவிஞர் என்னும் மரபுப் பட்டத்தை ஒட்டி அமைந்த பட்டம் இது.

தன்வரலாறும் நாட்குறிப்பும்

தன்வரலாறு முடிவை அறிந்தவரின் எழுத்து. இளமையில் நேர்ந்த ஒரு சந்திப்பு பிற்கால வாழ்வைத் திருப்பியது என்பதை எழுதும்போதே ஆசிரியர் அறிவார்; எனவே அச்சந்திப்புக்கு நூலில் உரிய இடம் தருகிறார். நாட்குறிப்புக்காரருக்கு இவ்வறிவு இல்லை. இன்று வரைந்த அற்பச் செய்தி நாளை பெரிதாகலாம். இன்று பெரிதாகத் தோன்றியது ஒரு வாரத்தில் மறையலாம்.

‘அமெரிக்கன் எல்ஃப்’ தொடரின் பொருள்கள் பெரும்பாலும் வீட்டிற்குள் அடங்குவன. பூனையோடு விளையாடுதல், மனைவியோடு சிறு பிணக்கு, பனி பொழிந்த தெரு, உடல்நலக் குறைவு, இசைக்குழுவின் நிகழ்ச்சி, குழந்தை சொன்ன ஒரு சொல் ஆகியனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. தொடர் நடந்துகொண்டிருந்தபோதே கொச்சால்காவுக்கு இரு மகன்கள் பிறந்தனர். தனி இளைஞனைப் போல் விளையாட்டுத்தனம் மிகுந்திருந்த மையப் பாத்திரம் தந்தையாகிறது. இம்மாற்றத்தை எந்தத் துணுக்கும் அறிவிப்பதில்லை. நூற்றுக்கணக்கான துணுக்குகளைக் கடந்த பின்னரே வாசகர் அதனை உணர்கிறார். கதைப்பின்னல் இல்லாத இடத்தில் காலமே கதையை நடத்துகிறது.

இணைய வெளியீடு இத்தன்மைக்கு வலுச் சேர்த்தது. நாள்தோறும் படித்த வாசகரும் படைப்பாளரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். அடுத்த நாள் என்ன நிகழும் என்பதை இருவருமே அறியார். அதே துணுக்குகள் நூலாகத் தொகுக்கப்படும்போது ஓராண்டு ஒரே மாலையில் படித்து முடிக்கப்படுகிறது. காத்திருப்பு மறைகிறது, மாறாகத் தினசரி வாசிப்பில் புலப்படாத சுழற்சிகள், அதாவது பருவங்கள், மீளும் சினங்கள், மீளும் அச்சங்கள், தெளிவாகின்றன. ஒரே பனுவல் வெளியீட்டு முறையால் இருவேறு வாசிப்புகளைப் பெறுகிறது.

ஒரு நாளும் நான்கு கட்டங்களும்

கொச்சால்கா பெரும்பாலும் நான்கு கட்டங்கள் கொண்ட சதுர அமைப்பைப் பயன்படுத்தினார். பதினாறு மணி நேர விழிப்பு நான்கு கட்டங்களுக்குள் அடங்காது. ஆகவே படைப்புச் செயலின் முதற்படி வரைதல் அன்று, விலக்குதலாகும். ஒரு நாளின் ஏறத்தாழ அனைத்தும் விலக்கப்பட்டு ஓரிரு நிமிடங்களே எஞ்சுகின்றன. எஞ்சுவது அந்நாளின் முதன்மை நிகழ்வாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

நாளிதழ்ப் படத்துணுக்கில் இறுதிக் கட்டம் நகைச்சுவைக்கு உரியது. முன்னுள்ள கட்டங்கள் அதற்கு ஏணியாக அமைவன. கொச்சால்கா இம்மரபை அறிந்தே பலவிடத்துத் தளர்த்துகிறார். அவருடைய இறுதிக் கட்டம் பேச்சின்றி முடியலாம். உரையாடல் பாதியில் நிற்கலாம். நகைப்பை எதிர்பார்த்த வாசகர் அது வாராத இடத்தில் சற்றே நிற்கிறார். தோன்றி மறையும் எண்ணம் ஒன்றைக் கருத்தாக வளர்க்காமல், தோன்றிய அளவிலேயே நிறுத்த இவ்வமைப்பு உதவுகிறது.

கட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை வாசகரே நிரப்புகிறார் என்பதை ஸ்காட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் விரிவாக விளக்கினார். நாட்குறிப்புப் படக்கதையில் இவ்வெற்றிடம் இரு நிலைகளில் உள்ளது. ஒன்று கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையிலானது. மற்றொன்று ஒரு நாளின் துணுக்குக்கும் மறுநாளின் துணுக்குக்கும் இடையிலானது. நேற்றைய பிணக்கு எவ்வாறு தீர்ந்தது என்பது பலபோது வரையப்படுவதில்லை. வாசகர் தம் இல்வாழ்வின் பட்டறிவைக் கொண்டே அதனை நிரப்பிக்கொள்கிறார்.

பெயரும் முகமும்

தலைப்பில் உள்ள ‘எல்ஃப்’ என்பது ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் குறும்புச் சிற்றுயிர். கொச்சால்கா தம்மைக் கூர்ங்காதும் முன்பற்களும் கொண்ட அவ்வுயிராக வரைந்தார். 2006 முதல் தொகுதிகளாக வெளிவந்த ‘லே பெத்தி ரியென்’ (‘சின்னஞ்சிறு ஒன்றுமில்லாமைகள்’ எனப் பொருள்படும்) என்னும் நாட்குறிப்புத் தொடரில் லூயி த்ரோந்தேம் தம்மைப் பறவைத் தலையுடன் வரைகிறார்; பிறரும் விலங்குத் தலைகளுடனேயே வருகின்றனர். உண்மை வாழ்வைக் கூற முனையும் இருவரும் உண்மை முகத்தைத் தவிர்ப்பது கருதத்தக்கது.

தொல்காப்பிய அகமரபை இங்கு ஒப்புநோக்கலாம். அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. பெயர் நீங்குவதால் உணர்வு எவருக்கும் உரியதாகிறது. நாட்குறிப்புப் படக்கதை இதனை மறுதலையாகச் செய்கிறது. பெயர் வெளிப்படை, மறைக்கப்படுவது முகம். எளிமையாக்கப்பட்ட முகத்தில் வாசகர் தம்மைக் காண்பது எளிது என்பது மெக்லவுட்டின் கருத்தும் ஆகும். வழிகள் வேறாயினும் தனியொருவரின் உணர்வைப் பொதுமையாக்கும் நோக்கில் இரண்டும் நெருங்குகின்றன. உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு எனின், இரண்டு புள்ளிக் கண்களும் ஒரு வளைகோட்டு வாயும் அழுகையையும் நகையையும் பெருமிதத்தையும் புலப்படுத்தும் முறை அக்கோட்பாட்டின் வழி விரிவாக ஆராயத்தக்கது.

கைத்திறன் குறித்த விவாதம்

1996இல் ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ இதழில் வெளியான கடிதமொன்றில், கைத்திறனே கலைக்குப் பகை என்று கொச்சால்கா வாதிட்டார். திறனைச் செம்மைப்படுத்துவதிலேயே வாழ்நாளைக் கழிப்பவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போகக்கூடும் என்பது அதன் சாரம். இக்கருத்து கடும் எதிர்வினைகளைத் தூண்டியது. பின்னர் 2005இல் வெளியான ‘தி க்யூட் மேனிஃபெஸ்டோ’ தொகுப்பில் அக்கடிதமும் இடம்பெற்றது.

நாட்குறிப்புத் தொடர் இக்கொள்கையின் செயல்வடிவம் எனலாம். நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டிய துணுக்கில் திருத்தத்திற்கு இடமில்லை. சரியாக அமையாத துணுக்குக்கு மருந்து மறுநாளைய துணுக்கே. ஆயினும் இதில் ஒரு முரண் உள்ளது. ஆயிரக்கணக்கான நாட்கள் இடைவிடாது வரைதல் தன்னளவில் ஒரு பயிற்சி. தொடக்ககாலத் துணுக்குகளையும் பிற்காலத் துணுக்குகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்குக் கோட்டின் உறுதி வளர்ந்திருப்பது புலனாகும். கைத்திறனை மறுத்தவர்க்கு அது கேளாமலே வந்து சேர்ந்தது.

நோக்கப்படும் வாழ்வு

நாள்தோறும் வரைவதென்று முடிவு செய்த பின் வாழ்வு முன்போல் இருப்பதில்லை. ஒரு கணத்தை வாழும்போதே அது துணுக்காகுமா என்னும் எண்ணம் உடன் எழுகிறது. மனைவியும் மக்களும் தாம் தேர்ந்துகொள்ளாத பாத்திரங்களாகின்றனர். தன்னை வெளிப்படுத்தும் உரிமை கலைஞருக்கு உண்டு எனினும், பிறரை வெளிப்படுத்தும் உரிமை எத்துணை என்னும் அறவினா எஞ்சுகிறது. பேச்சறியாக் குழந்தையின் நிலையில் இவ்வினா மேலும் கூர்மையாகிறது. எல்ஃப் உருவும் பறவைத் தலையும் இவ்விடத்தில் ஓரளவு காப்பாகலாம், முழுக் காப்பாகா.

கலைஞரின் சோர்வும் இதனோடு தொடர்புடையது. படக்கதைக் கலைஞர் முதுமையில் தம் ஆக்கத்திறனை எவ்வாறு காப்பது என்னும் சிக்கலைத் த்ரோந்தேம் 2005இல் ‘தெஸவ்ரே’ என்னும் தனிப் படக்கட்டுரையாகவே வரைந்தார். கொச்சால்கா ஓர் ஆண்டின் இறுதி நாளில் தம் தொடரை நிறுத்தினார். வாழ்வு தொடர, நாட்குறிப்பு மட்டும் நின்றது. கதைக்கு முடிவு இயல்பாக அமையும். நாட்குறிப்புக்கு முடிவைக் கலைஞரே விதித்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்நிறுத்தம் காட்டுகிறது.

முடிவுரை

நாட்குறிப்புப் படக்கதையை வாழ்வின் நேர்ப்பதிவாகக் கொள்வது பொருந்தாது. நாள் என்னும் எல்லை, கட்டம் என்னும் அளவு, மாற்றுமுகம் என்னும் மறைப்பு ஆகிய மூன்றும் இணைந்தே அதனை இலக்கியமாக்குகின்றன. தனித்து நோக்கின் ஒவ்வொரு துணுக்கும் அற்பமே; அடுத்தடுத்து நோக்கின் ஒருவர் இளமை நீங்கித் தந்தையாகும் காலம் அவற்றுள் பதிந்துள்ளது. எனவே இவ்வகையை மதிப்பிடும் ஆய்வு சிறந்த துணுக்குகளைத் தெரிந்தெடுத்து நோக்குதல் போதாது. சிறப்பற்ற நாட்களையும் உட்படுத்தித் தொடர் முழுவதையும் பனுவலாகக் கொள்ளுதல் வேண்டும். அச்சிறப்பற்ற நாட்களே இவ்வகையின் உரிப்பொருள்.