மூத்த கையும் முளைக்கும் கையும்

"ஓடி ஓய்ந்த காலையா ஆடுகளத்துக்கு அழைப்பது? இளங்காளைகள் இருக்க, இறங்குபொழுதில் நிற்பவருக்கு இடமா?" அணிக்கு வலுவூட்ட மூத்த ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்தால் போதும், இந்தக் கேள்வி எழுந்துவிடும். கேட்பவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வயதை மட்டும் எண்ணி விடை காண முடியாது என்கிறோம்.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பாருங்கள். இரண்டாண்டுத் தடை முடிந்து 2018-ல் திரும்பியபோது, முப்பதைத் தாண்டியவர்கள் அதில் மிகுதி. 'அப்பன்மார் படை' என்று நகைத்தனர். இறுதியாட்டத்தில் 36 வயது வாட்சன் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்றார். கோப்பை வந்தது, நகைப்பு நின்றது! அதே அணி 2025 தொடருக்கு 43 வயது தோனியை 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. கிடைத்ததோ பத்து அணிகளில் பத்தாம் இடம். தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது முறையல்ல. முதுமை வெற்றிக்கு உறுதிச்சீட்டும் அல்ல, தோல்விக்கு முத்திரையும் அல்ல என்பதே பாடம்.

கூடைப்பந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பட்டியலில் 12 பேர், களத்தில் ஐவர். ஆட்டம் 40 நிமிடம். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். மூத்தவர் 40 நிமிடமும் ஓட வேண்டியதில்லை. இளையவர் பதறும் வேளையில் பத்து நிமிடம் நின்று, பந்தை யாரிடம் கொடுப்பது, எப்போது பொறுப்பது என்று காட்டினால் போதும்.

சான்று நம் ஊரிலேயே உண்டு. சென்னையின் அனிதா பால்துரை, தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். குழந்தை பெற்றபின், "இனி வீடுதான்" என்று ஊர் சொல்லும் வயதில், 2017-ல் மீண்டும் களம் புகுந்தார். வயது 32. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. இரண்டே புள்ளி! 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏலத்தில் விலைபோனவர் அல்ல அவர். வேலை பார்த்து, ஊதியம் பெற்று ஆடியவர். பிழைப்புக்கு ஒரு பிடிப்பு இருந்தால்தான் ஆட்டக்காரர் நெடுநாள் நிலைப்பார். உழைப்பவருக்கு இதை நாம் விளக்க வேண்டுமா?

இனி, கொல்லிமலைக்கு வருவோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வரும் செம்மேட்டில், ஆடி தோறும் வல்வில் ஓரிக்கு விழா. ஓரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவர் போற்றிய வில்லாளி அவன். அவனுக்கும் வில்லைப் பிடிக்கக் கற்றுத்தந்த ஒரு மூத்த கை இருந்திருக்கும். அந்தக் கைக்கு விழா இல்லை!

மிளகு பறித்தும் காப்பித் தோட்டத்தில் கூலி பெற்றும் வாழும் வீட்டுப் பிள்ளைகள் நாளை ஒரு கூடைப்பந்து அணி அமைத்து, மூத்த ஆட்டக்காரர் ஒருவரை அழைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக அழையுங்கள் என்போம். ஆனால் மூன்று நிபந்தனை.

அணியில் எந்தக் குறையைத் தீர்க்க அழைக்கிறோம் என்பது முதலில் முடிவாகட்டும். பெயருக்காக மட்டும் வேண்டாம். அவர் அருகே எப்போதும் ஓர் இளைஞன் நிற்கட்டும்; அவர் அறிந்தது அவனுக்கு இறங்கட்டும். பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள். ஆடி முடித்தபின் பயிற்சியாளர் பொறுப்பையும் தாருங்கள்.

பட்டறையில் மூத்த தொழிலாளியை வெளியே அனுப்பிவிட்டு, இயந்திரம் முரண்டு பிடிக்கும்போது அவரைத் தேடி ஆள் அனுப்பும் முதலாளிகளை நாம் அறிவோம். அந்தப் புத்தி ஆடுகளத்துக்கு வேண்டாம். மூத்தவரின் கால் ஓயலாம். கற்றுத்தரும் கை ஓயுமுன் அதைப் பற்றிக்கொள்ளுங்கள்!