பம்பை மாற்றுமுன் ஒரு கேன் டீசலில் பரீட்சித்துப் பாருங்கள்

தலைமன்னார் பியரில் இருந்தும் பேசாலையில் இருந்தும் மீனும் கருவாடும் ஏற்றிச் செல்லும் கெப் வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். பல வண்டிகளுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அப்போதும் புதிய வண்டியின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டவில்லை. ஆகவே பழைய கெப்தான் நமது முதல். அது நடுவழியில் நின்றால் ஐஸ் கரைகிறது, மீன் கெடுகிறது, சந்தை நேரம் தப்புகிறது.

வண்டி இழுக்காமல் நின்றதும் பெரும்பாலும் காதில் விழும் தீர்ப்பு, "டீசல் பம்ப் போய்விட்டது" என்பதாகும். எரிபொருள் பகுதியில் அதிக விலை கொண்ட பாகமும் அதுதான். எனவே அந்தத் தீர்ப்பை ஏற்குமுன் வியாபாரி கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வோம். பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் தாங்கிக்குள் ஒரு மின்சாரப் பம்ப் இருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. நம் பக்கம் ஓடும் பழைய ஜப்பானிய டீசல் கெப்கள் பலவற்றில் அப்படி ஒன்று கிடையாது. என்ஜினோடு பூட்டிய இன்ஜெக்டர் பம்பே வண்டியின் பின்புறத் தாங்கியில் இருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. தள்ளும் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் சொட்டாமலே இருக்கலாம், காற்று உள்ளே போகும். வெளியே பார்த்தால் எல்லாம் சுத்தம். குற்றம் பம்பின் தலையில் விழும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் கெப் 1990களின் நடுப்பகுதியில் தயாரானது. கருவாடு ஏற்றிக்கொண்டு மதவாச்சிப் பக்கம் போகும்போது முருங்கன் தாண்டியதும் மூச்சுத் திணறி நிற்கும். பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பைப் பல தடவை அமுக்கினால் மீண்டும் ஓடும். ஒரு கராஜில் காட்டியபோது, பம்பைக் கழற்றி மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு நாள் தவணை கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் திகதி, ஓடிய தூரம், ஏற்றிய பாரம், தாங்கியில் இருந்த டீசல் அளவு ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அதைப் புரட்டியதும் ஒரு செய்தி தெளிவாகத் தெரிந்தது. தாங்கி பாதிக்கு மேல் இருந்தபோது வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. நின்ற நாட்களில் எல்லாம் முள் பாதிக்குக் கீழே இருந்தது. பழுதான பம்புக்குத் தாங்கியின் அளவு தெரியுமா?

அடுத்து கேன் பரீட்சை. ஐந்து லீற்றர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பொனெட் பக்கம் அசையாமல் கட்டினோம். பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு புதிய ஹோஸைப் பூட்டிக் கேனுக்குள் விட்டோம். திரும்பி வரும் குழாயையும் கேனுக்குள்ளேயே விட்டோம். வண்டியை நிறுத்தி வைத்தே என்ஜினை ஓட்டினோம். நாற்பது நிமிடம் வேகம் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம், ஒரு இருமல்கூட இல்லை. பம்ப் குற்றமற்றது என்பது அங்கேயே முடிவாயிற்று.

பிறகு தாங்கியை இறக்கினோம். உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயில், சரியாகப் பாதி உயரத்தில், துரு அரித்த ஊசித்துளை ஒன்று இருந்தது. டீசல் அந்தத் துளைக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. குழாயை மாற்றி, தாங்கியைக் கழுவிப் பூட்டியதோடு வேலை முடிந்தது.

கடற்காற்று வீசும் நம் ஊரில் இத்தகைய பழுது புதுமையல்ல. பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரில் நீர் கோர்க்கும். நீர் டீசலுக்கு அடியில் தங்கித் துருவை வளர்க்கும். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் அட்டைக்குக் கிடைத்த அளவோடு மாதக்கணக்கில் ஓடிய வண்டிகளுக்குத் தாங்கியை நிரப்பும் வாய்ப்பே அரிதாக இருந்தது. அந்தக் காலத்துத் துருவும் அழுக்கும் இன்னும் சில தாங்கிகளில் இருக்கக்கூடும்.

ஆகவே செலவு குறைந்ததில் தொடங்கிச் செலவு கூடியதை நோக்கிப் போவதே முறை.

1. வண்டி நின்றதும் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.

2. பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை வடியுங்கள். பில்டர் பழையதென்றால் மாற்றுங்கள்.

3. கைப்பம்பை அமுக்குங்கள். சில அமுக்கலில் இறுகிவிட வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் தளர்வாகவே இருந்தால் காற்று நுழைகிறது. ஓடும்போது அது தானாகக் கீழே இழுபட்டால் தாங்கிப் பக்கம் அடைப்பு.

4. பம்புக்குப் போகும் இடத்தில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸைப் பூட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

5. சாவியைத் திருப்பும்போது பம்பில் உள்ள நிறுத்து சொலினோயிட் "டிக்" என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் 12 வோல்ற் வருகிறதா, வயர் முனையில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. ஸ்டார்ட் அடிக்கும்போது புகைக்குழாயைக் கவனியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. அப்போது குளோ பிளக்கையும் கம்பிரஷனையும் பார்க்க வேண்டும்.

7. கடைசியில் கேன் பரீட்சை. அதிலும் என்ஜின் நின்றால்தான் பம்பின் மேல் சந்தேகம் நியாயமானது.

எச்சரிக்கை: கேன் பரீட்சை டீசலுக்கு மட்டுமே. பெற்றோலில் செய்தால் தீப்பிடிக்கும். இன்ஜெக்டர் குழாயில் இருந்து பாயும் டீசல் தோலைத் துளைக்கும், அதன் முன் கையையும் முகத்தையும் வைக்கக் கூடாது.

உண்மையில் பம்ப் பழுதாகும் வண்டிகளும் உண்டு. அதன் உட்பாகங்கள் மிக நுட்பமாகப் பொருந்தியவை, டீசலே அவற்றுக்கு மசகு. நீர் கலந்த டீசல் அதைக் கொன்றுவிடும். அப்படியானால் பம்ப் வேலைத்தளத்தில் சோதனை மேசையில் ஏற்றி, எடுத்த அளவுகளை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கராஜ்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவசரத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அவர்களும் அவசரத் தீர்ப்பே சொல்கிறார்கள். "எந்தப் பரீட்சையில் பம்ப் தோற்றது?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல பாஸ் அதற்குப் பதில் சொல்வார். பதில் இல்லாத இடத்தில் பணத்தை எண்ண வேண்டாம்.