நாய்க்கு வலிப்பு: எல்லா டெஸ்டும் நார்மல் என்றால் என்ன பொருள்?

வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தால் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து வாலாட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் கண்ணில் படுவது நலமாக நிற்கும் ஒரு நாய். அப்படியிருக்க, நடந்தது என்னவென்று அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? அவர் யோசிக்கும் வழியிலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

முதல் கேள்வி, அது வலிப்புதானா என்பது. இதயக் கோளாறு உள்ள நாயும் திடீரென விழும். ஆனால் அந்த மயக்கம் பெரும்பாலும் ஓடும்போதோ துள்ளும்போதோ வரும், உடம்பு துவளும், சில நொடிகளில் எழுந்து பழையபடி நடக்கும். வயதான நாய்க்கு உள்காதில் கோளாறு வந்தால் தலை சாயும், தள்ளாடி விழும், கண்மணி இப்படியும் அப்படியும் ஆடும். நினைவு மட்டும் தப்பாது.

வலிப்பு பல நேரம் ஓய்விலோ தூக்கத்திலோ தொடங்குகிறது. கால்கள் விறைக்கும், பிறகு நீந்துவதுபோல் அடித்துக்கொள்ளும். வாயில் நுரை தள்ளும், சிறுநீர் போய்விடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். அடங்கிய பின் நடப்பதுதான் நல்ல தடயம்: கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும், வளர்த்தவரையே யாரோபோலப் பார்க்கும். அதனால்தான் போனில் எடுத்த வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி. அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டிருங்கள்.

அடுத்த கேள்வி, ஏன் வந்தது? வீட்டில் லைட் விட்டுவிட்டு எரிந்தால், எலக்ட்ரீஷியன் முதலில் வெளியிலிருந்து வரும் சப்ளையைப் பார்ப்பார். அது சரியென்றால் உள்ளே வயரிங்கைப் பார்ப்பார். டாக்டரும் அப்படித்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் சப்ளையில் குறையா? சின்னஞ்சிறு குட்டிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், பால் கொடுக்கும் தாய்க்குக் கால்சியம் குறைந்திருக்கலாம், ஈரல் கெட்டிருக்கலாம், பூச்சிமருந்து உள்ளே போயிருக்கலாம். ரத்தப் பரிசோதனை இவற்றில் பலவற்றைச் சொல்லிவிடும். சப்ளை சரியென்றால் கோளாறு மூளைக்குள். தடுப்பூசி போடாத குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், வயதான நாய்க்குக் கட்டி என்று சந்தேகம் போகும். அதற்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் உண்டு.

இங்கேதான் நாம் எல்லோரும் தடுமாறுகிறோம். ‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தால், ஒன்றுமில்லை என்று நிம்மதியடைகிறோம். இல்லையென்றால் டாக்டருக்கு எதுவும் பிடிபடவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். இரண்டும் சரியல்ல. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். மூளைச் செல்களில் ஓடும் மின்சாரம் ஒரு நொடியில் தாறுமாறாவதைக் காட்டாது. சப்ளையும் சரி, வயரிங்கிலும் அறுபட்ட இடமில்லை, ஆனாலும் லைட் துடிக்கிறது என்ற நிலைக்குத்தான் காரணம் தெரியாத கால்கை வலிப்பு என்று பெயர். பரம்பரையாகவும் வரக்கூடியது இது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கித்தான் இதைச் சொல்ல முடியும். அதனால் அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டும் இந்த முடிவுக்கு வலுச் சேர்க்கும் ஒரு சான்றுதான்.

சர்வதேச கால்நடை வலிப்பு நிபுணர் குழு 2015-ல் இதற்கு அளவுகோல் வகுத்தது. முதல் வலிப்பு 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் வந்திருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நடையும் பார்வையும் சீராக இருக்க வேண்டும். ரத்தமும் சிறுநீரும் சரியாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால், ஸ்கேன் இல்லாமலே டாக்டர் ஓரளவு துணிந்து முடிவுக்கு வரலாம்.

வலிப்பின்போது வாயில் கையையோ கரண்டியையோ வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது, ஆனால் கடித்துவிடும். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய் என்றால் எச்சில் படாமல் விலகி நின்று டாக்டரை அழையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அது அவசரம். உடனே கிளம்ப வேண்டும். மற்றபடி தேதி, நேரம், எவ்வளவு நீடித்தது என்று குறித்து வையுங்கள். ரிப்போர்ட் நார்மலாக வரும் நாளில் அந்தக் குறிப்பை டாக்டரிடம் நீட்டி, “மாத்திரை இப்போதே தொடங்கலாமா, இன்னும் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.