ஒன்பது, பதினெட்டு, ஒன்பது

நடிகை மதுபாலா பிறந்தது 1933 பிப்ரவரி 14. இறந்தது 1969 பிப்ரவரி 23. கழித்தால் 36 ஆண்டும் 9 நாளும். அந்த 36-ஐக் கூறுபோட்டால் கணக்கு எங்கும் உதைக்கவில்லை: முதல் 9 ஆண்டு மும்தாஜ் என்ற டெல்லிச் சிறுமி, அடுத்த 18 காமிராவுக்கு முன்னால், கடைசி 9 பெரும்பாலும் கட்டிலில்.

வீட்டில் பிள்ளைகள் 11, இவள் ஐந்தாவது. புகையிலைக் கம்பெனி வேலையை இழந்த தந்தை அதாவுல்லா கான், பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு பம்பாய் போனார். 1942-ல் 'பசந்த்' படம், பாம்பே டாக்கீஸில் மாதம் 150 ரூபாய். ஒன்பது வயதுப் பெண்ணின் சம்பளத்தில் வீட்டு அடுப்பு எரிந்தது. 14 வயதில் 'நீல் கமல்' கதாநாயகி, 16-ல் 'மஹல்'. மொத்தப் படங்கள் ஏறக்குறைய 70. 18 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு நான்கு. 1958-ல் மட்டும் 'பாகுன்', 'ஹௌரா பிரிட்ஜ்', 'காலா பானி', 'சல்தி கா நாம் காடி' உள்ளிட்ட படங்கள் வெளியாகின.

இந்த வேகத்தின் நடுவே 1954 வருகிறது. எஸ்.எஸ். வாசனின் 'பஹுத் தின் ஹுவே' படப்பிடிப்புக்காகச் சென்னை வந்திருந்தபோது ரத்த வாந்தி எடுத்தார். இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் பிறவியிலேயே ஓட்டை. அதே 1954-ல், மார்ச் 26 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸில் வால்டன் லில்லிஹை என்ற மருத்துவர் ஒரு குழந்தையின் இதயத்தைத் திறந்து இதே ஓட்டையை உலகில் முதன்முறையாகத் தைத்தார். அந்தக் குழந்தை 11 நாளில் இறந்துபோனது. சிகிச்சையே அப்போது அந்த நிலையில்தான் இருந்தது. சென்னையில் படுத்தவர் எழுந்து மறுபடி நடிக்கப் போனார்.

'நயா தௌர்' பட வழக்கு தனிக் கணக்கு. முன்பணம் 30,000 ரூபாய், போபால் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மகளை அனுப்பத் தந்தை மறுத்தார், இயக்குநர் பி.ஆர். சோப்ரா கோர்ட்டுக்குப் போனார். அந்த வேடம் நம்மூர் வைஜயந்திமாலாவுக்குப் போனது.

அவர் நடித்த 'முகல்-ஏ-ஆஸம்' படத்தின் கணக்கு இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. ஷீஷ் மஹல் என்ற கண்ணாடி மாளிகை செட்டின் நீளம் 150 அடி, அகலம் 80, உயரம் 35. பெல்ஜியம் கண்ணாடி பதித்துக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டு, செலவு 15 லட்சம். சிறைக் காட்சிகளில் அவருக்குப் பூட்டியது நிஜ இரும்புச் சங்கிலி. அட்டைச் சங்கிலிக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாரும் விலை கேட்டதாகத் தெரியவில்லை! 1960 ஆகஸ்ட் 5-ல் வெளியான படத்தின் வசூல் சாதனை, 1975-ல் 'ஷோலே' வரும்வரை 15 ஆண்டு நின்றது.

அதே 1960-ல் கிஷோர் குமாருடன் திருமணம். பிறகு லண்டன் பயணம். உடல் தாங்காதென்று மருத்துவர்கள் அறுவையைக் கைவிட்டு, அதிகம் போனால் இரண்டு ஆண்டு என்றார்கள். கண்ணாடி மாளிகை கட்ட ஆன அதே இரண்டு. அவர் இருந்தது 9 ஆண்டு. முன்பே எடுத்த படங்கள் அவ்வப்போது திரைக்கு வந்தன; 'ஜ்வாலா' வெளியானது 1971-ல், அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து.

2008-ல் இந்திய அஞ்சல் துறை அவர் முகத்தை அச்சிட்டது. தபால்தலை விலை 5 ரூபாய்.